முத்திரை விழாத தபால்தலை

முன்னொரு காலத்தில், ஒரு கடிதம் போட்டால் அது காடு தாண்டி, ஆறு தாண்டி, மூன்றாம் நாள் காலையில் வாசலில் வந்து விழுந்த காலத்தில், பவழமலை நாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜா மகரகேதுவுக்கு வேட்டை பிடிக்காது, போர் பிடிக்காது, பாட்டுக் கச்சேரியும் பிடிக்காது. அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். தபால்தலை.

ராஜாவுக்குப் பிடித்துவிட்டால் ஊருக்குப் பிடிக்காமல் போகுமா? பால் கறக்கிறவன் வீட்டிலும் ஆல்பம், பல்லக்குத் தூக்குகிறவன் வீட்டிலும் ஆல்பம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தர்பார் மண்டபத்தில் தபால்தலை சேகரிப்போர் சங்கம் கூடும். ஆளுக்கொரு இடுக்கி, ஆளுக்கொரு லென்ஸ். ஒரே மாதிரி இரண்டு வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்வார்கள். ஒரு தபால்தலையின் விளிம்பில் ஒரு பல் உடைந்திருந்தால், சாவு விழுந்த வீடு மாதிரி அதைச் சுற்றி நின்று பேசுவார்கள். கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, சங்கத்தின் மூன்று விதிகளையும் சொல்ல வேண்டும்.

"விரலால் தொடாதே! நாக்கால் நனைக்காதே! கடிதத்தில் ஒட்டாதே!"

சிரிக்காதீர்கள். ஒட்டாத தலைக்குத்தான் அங்கே மதிப்பு. யாராவது வேறு வழியில்லாமல் ஒரு கடிதம் எழுதி, தலை ஒட்டி அனுப்பிவிட்டாலும், வாங்குகிறவர் அதைப் பிரிக்க மாட்டார். பிரித்தால் உறை கிழியும். கிழிந்த உறையை எந்த ஆல்பத்தில் வைப்பது? அப்படியே செருகி வைத்துவிடுவார்கள். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இந்தச் சங்கத்தில் செவ்வந்தி என்று ஓர் இளம்பெண் இருந்தாள். காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளுக்கென்று மிச்சமிருந்தது நான்கு வயது மகள் தேனம்மை மட்டும். புதிதாக வரும் தலைகளின் முதுகில் மெல்லிய ஒட்டுத்தாள் வைத்து, கோணாமல் ஆல்பத்தில் பொருத்துவது செவ்வந்தியின் வேலை. அந்த நாட்டிலேயே சுத்தமான கை அவளுடைய கைதான் என்று பேர்.

சங்கத்தின் காரியதரிசி மசிவண்ணன். அரண்மனை அச்சுக்கூடத்தில் புதுத் தலைகளைச் செதுக்குகிறவனும் அவனேதான். விரல் பத்திலும் கறுப்பு மை. இரண்டு வருஷம் முன்னால் கூனிக் குறுகி, கோல் ஊன்றி வந்தவன். வருஷத்துக்கு ஒரு குழந்தையின் முகம் போட்டு வரும் 'செல்வக் குழந்தை' வரிசையில் முதல் தலை வெளியான அன்று கோலைத் தூக்கிப் போட்டான். இரண்டாவது தலை வெளியான அன்று அவன் நரை கறுத்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் லென்ஸுக்குள் குனிந்திருந்தார்கள்.

இந்த வருஷத்துச் செல்வக் குழந்தையை அறிவிக்கிற ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தியின் பக்கத்தில் வடிவாம்பாள் உட்கார்ந்திருந்தாள். ஆற்றுக்கு அக்கரை, ஆலங்காட்டுக்காரி. போன வருஷத்துச் செல்வக் குழந்தை அவள் மகன் சிங்காரம். அவள் மடியிலிருந்த ஆல்பத்தில் அவன் முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாள் செவ்வந்தி.

"என்ன தத்ரூபம், அக்கா! கண்ணு நம்மளையே பார்க்குது. இப்பக்கூட இமைச்ச மாதிரி இருந்துச்சு."

வடிவாம்பாள் லென்ஸை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"பையன் எங்கே? ஆளையே காணோமே?"

"மாமன் வீட்டுல இருக்கான்."

"கொடுத்து வச்சவங்க நீங்க. எனக்கெல்லாம் இந்தப் பெருமை எங்கேயிருந்து வரும்?"

வடிவாம்பாள் திரும்பி அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்லத்தான் போகிறாள் என்று செவ்வந்தி காத்திருந்தாள்.

"உன் பிள்ளைக்கும் வரும்" என்றாள் வடிவாம்பாள். சட்டென்று ஆல்பத்தை மூடிக்கொண்டாள்.

வந்தது. மேடையில் மசிவண்ணன் ஒரு சீட்டைப் பிரித்து, "இந்த வருஷத்துச் செல்வக் குழந்தை, தேனம்மை!" என்று படித்தான். மண்டபம் கைதட்டியது. செவ்வந்தி மகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே வாய் கசக்கும்.

ஒரு மாதம் போனது. புதுத் தலை வெளியாகிற காலையில் மசிவண்ணனே பட்டுத்துணி போர்த்திய தட்டோடு வீட்டுக்கு வந்தான்.

"ஊருக்கு ஆயிரம் தலை அச்சடிச்சிருக்கேன், தங்கச்சி. அதெல்லாம் வெறும் காகிதம். இது முதல் தலை. பெத்தவளுக்குன்னே எடுத்து வச்சது. உன் கையாலயே ஆல்பத்துல வச்சு மூடணும். வேற யார் கையும் படக்கூடாது."

"ஏன் அண்ணே?"

"மரியாதைதான். வேற என்ன?"

அவன் போனதும் செவ்வந்தி வேலையில் உட்கார்ந்தாள். தேனம்மை எதிரே முக்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே முறுக்கு தின்றாள்.

"அம்மா, அது நானா?"

"நீதான்டி கண்ணு."

"அப்போ இங்க இருக்குறது யாரு?"

"பேசாம இரு. கை ஆடிடும்."

இடுக்கியால் எடுத்தாள். முதுகில் ஒட்டுத்தாள் வைத்தாள். கோணாமல் பொருத்தினாள். எவ்வளவு அழகாகப் பொருந்தியது! ஆல்பத்தை மூடி, மேலே உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினாள். நிமிர்ந்தபோது முக்காலியில் கடித்த முறுக்கு மட்டும் இருந்தது.

வாசலில் தேடினாள். கிணற்றடியில் தேடினாள். தெரு முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பி வந்து, ஏனென்று தெரியாமலே ஆல்பத்தைத் திறந்தாள். காலையில் வாய் மூடிச் சிரித்த தலையில் இப்போது குழந்தையின் வாய் திறந்திருந்தது. உதட்டோரத்தில் முறுக்குத் துணுக்கு. கண் அங்குமிங்கும் ஓடி, அம்மாவைக் கண்டதும் நின்றது.

அவள் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்கு ஓடினாள். மசிவண்ணன் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இருபது வயசுப் பையன் மாதிரி இருந்தான்.

"என் பிள்ளையைக் கொடு!"

"உள்ளே போட்டு மூடினது யாரு, தங்கச்சி? நானா?"

அவள் ஆல்பத்தை அவன் மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"பதறாதே. அவளுக்குப் பசிக்காது, நோய் வராது, வயசாகாது. அவள் வளராத வருஷத்தை நான் எடுத்துக்குறேன், அவ்வளவுதான். வேணும்னா விட்டுடலாம். அடுத்த வருஷத்துக்கு ஒரு பிள்ளை பேரை எழுதிக் கொடு. ஒரு தாய் தன் கையால எழுதின பேருலதான் என் மந்திரம் பலிக்கும். அந்தப் பிள்ளை உள்ளே போனதும் வர்ற பௌர்ணமியன்னிக்கு உன் பிள்ளை வெளியே வந்துடும். இந்தப் பௌர்ணமிக்குள்ள எழுதலேன்னா இந்தத் தலை அரண்மனைப் பெட்டகத்துக்குப் போயிடும்."

"என் பிள்ளை பேரை எழுதினது யாரு?"

"பக்கத்துல உட்கார்ந்திருந்தாளே" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே காகிதத்தையும் பென்சிலையும் தள்ளினான்.

இந்த இடத்தில் கதை கேட்பவர்கள் செவ்வந்தியைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நினைக்க வேண்டாம். அவள் பென்சிலை எடுத்தாள். பக்கத்து வீட்டில் மாணிக்கம் என்று ஒரு பிள்ளை, தேனம்மையின் விளையாட்டுத் தோழன். 'மா' என்று எழுதினாள். எழுதும்போது திறந்திருந்த ஆல்பத்தின் பக்கம் பார்வை போனது. அந்தச் சின்னக் கண் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் காகிதத்தைக் கசக்கி வாயில் போட்டு மென்று விழுங்கினாள். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"எங்கே போனாலும் விதி மறந்துடாதே!" என்று பின்னாலிருந்து கத்தினான் மசிவண்ணன். "விரலால் தொடாதே! நாக்கால் நனைக்காதே! கடிதத்தில் ஒட்டாதே!"

தெருமுனையில் சிவப்புத் தபால்பெட்டி நின்றது. அதில் சாய்ந்து நின்று செவ்வந்தி வாய்விட்டு அழுதாள். பெட்டிக்குள்ளிருந்து 'ச்சு, ச்சு, ச்சு' என்று சத்தம் வந்தது.

"அழறதை அந்தப் பக்கம் திரும்பி அழு. கண்ணீர் உள்ளே ஒழுகி என் படுக்கை நனையுது."

"யாரது?"

"பல்லி. வேற யாரு இதுக்குள்ளே குடியிருப்பா? ஆளுங்க கடிதம் போடுறதை விட்டதுலேருந்து இது எனக்கு மாளிகை."

"பல்லி பேசுமா?"

"நான் எந்தச் சுவத்துல சத்தம் போட்டாலும் பலன் பார்க்குறீங்க. என்ன சொல்றேன்னு ஒருத்தராவது நின்னு கேட்டிருக்கீங்களா?" பெட்டியின் வாயில் ஒரு தட்டைத் தலை எட்டிப் பார்த்தது. வால் பாதிதான் இருந்தது. "நான் முன்னே அச்சுக்கூடத்துச் சுவத்துல இருந்தவ. இந்த வாலை நசுக்கினதும் அவன் கதவுதான். அச்சுத் தகட்டுகிட்டே அவன் சொல்ற மந்திரத்தைக் காதால கேட்டிருக்கேன். 'ஓடாதே, வளராதே, போய்ச் சேராதே.' மூணே வார்த்தை."

"அதை முறிக்க வழி?"

"போய்ச் சேராம இருக்குறவரைக்கும்தான் மந்திரம். போய்ச் சேர்ந்துட்டா மந்திரம் ஏது? ஒட்டி அனுப்பு. ஆனா அதுக்கு மூணு பேர் வேணும். அனுப்புறவ ஒருத்தி. முத்திரை குத்துறவன் ஒருத்தன். வாங்கிக் கிழிக்கிறவ ஒருத்தி. குத்து முழுசா விழணும். உறை முழுசா கிழியணும்."

"எனக்கே எழுதி, நானே கிழிச்சுக்குறேன்."

"அது கடிதமா? அதுவும் ஆல்பம்தான்."

"இந்த நாட்டுல யாரு உறையைக் கிழிப்பா?"

"உள்ளே ஒரு பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சவ கிழிப்பா. அப்படி யாராவது இருந்தா யோசி. தபால்ல சேர்த்தப்புறம் பின்னாடியே போ, வேணாங்கலை. ஆனா பையைத் தொடாதே. தொட்டா அது திரும்பவும் உன் கைக்கு வந்ததாயிடும்." பல்லி உள்ளே இழுத்துக்கொண்டது. "அழுகை முடிஞ்சுதுன்னா கிளம்பு. ஈரம் எனக்கு ஆகாது."

அப்படித் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். பேரை எழுதிக் கொடுத்தவள். செவ்வந்தி அந்தப் பெயரை எழுதும்போது பற்களைக் கடித்தாள். ஒரு காகிதம் எழுதி உள்ளே வைத்து, உறையின்மேல் எழுதினாள்: வடிவாம்பாள், ஆலங்காடு.

பிறகு இடுக்கியைத் தள்ளி வைத்துவிட்டு, தபால்தலையை விரலால் எடுத்தாள். வாழ்நாளில் முதல்தடவையாகத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது, குழந்தையின் கன்னம் மாதிரி. திருப்பினாள். ஈன்ற பசு கன்றை நக்குமே, அதுபோல நாக்கால் நனைத்தாள். கசந்தது. உறையில் வைத்து ஒட்டினாள். விரலால் தொடாதே, நாக்கை நீட்டாதே, ஒட்டாதே என்று கற்றுக்கொடுத்த அத்தனை குரல்களும் காதுக்குள் கத்தின. கத்தட்டும் என்று ஓரத்தை அழுத்தித் தேய்த்தாள்.

தபால் சாவடியில் முத்திரைக்காரர் உறையைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"அம்மாடி! இது முதல் தலையாச்சே! போய் ஒட்டிட்டியே! சரி, ஆனது ஆச்சு. ஓரமா, மூலையில, பட்டும் படாம மெல்லக் குத்தித் தரேன். முகத்துல மை படாது."

செவ்வந்திக்கு அந்த வார்த்தை எவ்வளவு இனித்தது! பட்டும் படாமல். முகத்தில் படாமல். ஆனால் பல்லி சொன்னது நினைவுக்கு வந்தது.

"நடுவுல குத்துங்க அண்ணே. முழுசா விழணும்."

"முகத்து மேலயா?"

"முகத்து மேலதான்."

அவர் முத்திரைச் சுத்தியலை ஓங்கினார். செவ்வந்தி காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் கேட்டது.

அன்று மாலையே தபால்பை கிளம்பியது. தபால்காரர் முன்னே நடந்தார், செவ்வந்தி பின்னே நடந்தாள். காட்டில் மழை பிடித்தது. பை நனைந்தது. தொடக்கூடாது, அவள் தொடவில்லை. வழியில் ஒரு சத்திரத்து ஆடு பையின் வாயைக் கடித்து இழுத்தது. தொடக்கூடாது, அவள் தொடவில்லை. ஆற்றில் பரிசல் சுழன்றபோது பை சரிந்து விளிம்பில் நின்று ஆடியது. அவள் இரண்டு கைகளையும் தன் கால்களுக்கு அடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அக்கரை வருவதற்குள் கை மரத்துப்போயிருந்தது. பெற்ற பிள்ளை எட்டின தூரத்தில் போகிறது, எடுத்து அணைக்க முடியவில்லை. தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் தெரியாத சாமியையும் கூப்பிட்டாள்.

மூன்றாம் நாள், பௌர்ணமி நாள் காலை. ஆலங்காட்டில் வடிவாம்பாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒட்டியிருந்த முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த செம்பு விழுந்தது. நிமிர்ந்தால், வேலிக்கு வெளியே சேறும் நீருமாக நின்றுகொண்டிருந்தாள் செவ்வந்தி.

"கிழிங்க அக்கா."

வடிவாம்பாள் உறையை முந்தானைக்குள் மறைத்தாள். "எதைக் கிழிக்கணும்? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதான் உங்க பேருக்கு எழுதினேன்."

"இன்னிக்குப் பௌர்ணமி, செவ்வந்தி." அவள் குரல் உடைந்தது. "இன்னிக்கு என் சிங்காரத்தை விட்டுடுறேன்னு சொல்லியிருக்கான். உன் பிள்ளை உள்ளேயே இருந்தாத்தான் என் பிள்ளை வெளியே வருவான்."

"போன வருஷம் உங்க பையன் பேரை எழுதிக் கொடுத்தது யாரு?"

"பூமயிலோட அம்மா."

"அவளுக்குப் பூமயில் வந்துச்சா?"

முதல் வருஷத்துச் செல்வக் குழந்தை பூமயில். அவள் தாய் பௌர்ணமி பௌர்ணமியாக வாசலில் உட்கார்ந்து பார்த்து, சோறு தண்ணீர் இறங்காமல் செத்துப்போனாள். அவளுடைய ஆல்பம் பெட்டகத்துக்குப் போனது. இது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எதனால் என்றுதான் தெரியாது.

"என்னைத் திட்டிட்டுப் போயேன்" என்றாள் வடிவாம்பாள். "ரெண்டு அறை வேணா அறைஞ்சிட்டுப் போயேன். கிழிக்க மட்டும் சொல்லாதே. ஒரு வருஷமா இந்த ஒரு நாளை நம்பித்தான் மூச்சு விடுறேன்."

"எனக்கும் பென்சில் கொடுத்தான் அக்கா."

"நீ எழுதலையா?"

"எழுதினேன். ஒரு எழுத்து. நீங்க முழுப் பேரும் எழுதினீங்க. நமக்குள்ளே வித்தியாசம் அவ்வளவுதான்." செவ்வந்தி வேலியைப் பிடித்துக்கொண்டாள். "நான் உள்ளே வரமாட்டேன். பிடுங்க மாட்டேன். என் பிள்ளை உங்க கையில இருக்கா. நீங்க பார்த்து என்ன செய்யணுமோ செய்யுங்க."

வெயில் ஏறியது. வடிவாம்பாள் உறையைப் பார்த்தாள். தேனம்மையின் முகத்தின்மேல் கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள், அவளையே, மாமன் வீட்டில் இருப்பதாக அவள் சொன்ன சிங்காரத்தின் கண்கள் பார்ப்பது போலவே பார்த்தன.

அவள் உறையைக் கிழித்தாள்.

கிழித்த சத்தம் ஊருக்கே கேட்டது என்பார்கள். வாசலில் தெளித்த ஈரத்தில், பாவாடை நனைய, தேனம்மை உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து கன்னம்வரை வட்டமாக மை. செவ்வந்தி வேலியைத் தாண்டியது எப்படி என்று அவளுக்கே தெரியாது. அள்ளிக் கட்டிக்கொண்டாள். குழந்தை அணைக்கவில்லை. விறைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைத் தள்ளிப் பார்த்தது.

"நீதானே மூடின?" என்றது.

ஆமாம் என்றாள் செவ்வந்தி. வேறு என்ன சொல்ல?

வடிவாம்பாள் உறைக்குள்ளிருந்த காகிதத்தைப் பிரித்தாள். அதில் இப்படி எழுதியிருந்தது: "அக்கா, உங்களை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சிங்காரத்தை ஒட்டி என் விலாசத்துக்கு அனுப்புங்கள். நான் கிழிப்பேன். சத்தியம்."

அவள் உள்ளே ஓடி ஆல்பத்தை எடுத்து வந்தாள். விரலால் தொட்டாள், நாக்கால் நனைத்தாள், கடிதத்தில் ஒட்டினாள். செவ்வந்தி மகளைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்து வாசலிலேயே காத்திருந்தாள். உறை வந்தது. மூச்சு விடுவதற்குள் கிழித்தாள். சிங்காரம் கன்னத்து மையைத் துடைத்துக்கொண்டே, "குத்தினவன் எவன்?" என்று கோபமாகக் கேட்டான்.

அரண்மனையில் மசிவண்ணன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? முதல் உறை கிழிந்தபோது அவன் தலைமுடி பஞ்சாய் வெளுத்தது. இரண்டாவது கிழிந்தபோது இடுப்பு மடங்கியது. தூக்கிப் போட்ட கோலைத் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தான்.

இரண்டு தாய்மார்களும் இரண்டு பிள்ளைகளோடு ராஜா முன்னால் போய் நின்றார்கள். நடந்ததைச் சொன்னார்கள். ராஜா மகரகேது லென்ஸை எடுத்துத் தேனம்மையின் முகத்தைப் பார்த்தார்.

"முத்திரை என்ன தெளிவாக விழுந்திருக்கிறது!" என்றார்.

"ராஜா, பெட்டகத்துல பூமயில் இருக்கா. அவளையும் அனுப்புங்க."

"அதுவா? என் சேகரிப்பிலேயே குறையில்லாத தலை அது. ஒரு பல்கூட உடையவில்லை. அதைப் போய் நாக்கால்..."

"லென்ஸ் வச்சுத் தலையைப் பார்க்காதீங்க. பிள்ளையைப் பாருங்க."

ராஜா பெட்டகத்திலிருந்து அந்தத் தலையை வரவழைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பூமயிலின் காய்ந்த உதடு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. என்ன வார்த்தை என்று சொல்லவேண்டியதில்லை. மந்திரிகள் கண்ணை மூடிக்கொள்ள, அந்த நாட்டு ராஜா நாக்கை நீட்டித் தபால்தலையை நனைத்தார். உப்பளத்தில் வேலை செய்யும் பூமயிலின் அப்பாவுக்கு விலாசம் எழுதி, உறையின்மேல் 'பார்த்தவுடன் கிழிக்கவும், இது அரச கட்டளை' என்றும் எழுதினார்.

மூன்றாம் நாள் அந்த உறை கிழிந்தது. மசிவண்ணன் ஒரு சொட்டு மையாகி அச்சுக்கூடத்துத் தரையில் கிடந்தான். பெருக்க வந்தவள் துணியால் துடைத்துப் பிழிந்துவிட்டாள். உப்பளத்தில் பூமயில் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா எங்கே?" என்றாள். மந்திரம் முறியும். முறிந்தாலும் சில கேள்விகளுக்கு அதனிடம் பதில் இல்லை.

"பெண்ணே, உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று ராஜா செவ்வந்தியைக் கேட்டார். "உன் முகத்தைப் போட்டு ஒரு தலை வெளியிடட்டுமா?"

"முகமெல்லாம் வேண்டாம், ராஜா. எல்லாரையும் அவங்கவங்க வீட்டுல இருக்குற கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கச் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?" என்றார் ராஜா. மூன்று பிள்ளைகளுக்கும் அரண்மனைத் தோட்டத்தோடு ஒட்டிய மூன்று வீடுகளைக் கொடுத்துவிட்டு, முரசு அறையச் சொன்னார்.

ஊர் உட்கார்ந்து உறைகளைக் கிழித்தது. ஒருத்தி, "அப்பாவுக்கு முடியவில்லை, உன்னைப் பார்க்கணும் என்கிறார், உடனே வா" என்ற கடிதத்தைப் படித்தாள். அது வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒருவன் தங்கையின் கல்யாண ஓலையைப் படித்தான். அண்ணன் வரவில்லையென்று அவள் அழுதுகொண்டே தாலி கட்டிக்கொண்டாள் என்ற அடுத்த கடிதத்தையும் படித்தான். ஒரு கிழவருக்கு, "நான் செய்தது தப்பு, திரும்பி வரட்டுமா?" என்று மகன் நாலு முறை எழுதியிருந்தான். ஐந்தாவது கடிதம் இல்லை. அன்று பவழமலை நாட்டில் யார் வீட்டிலும் உலை ஏறவில்லை. மறுநாள் தபால்பெட்டி நிரம்பி வழிந்தது. பல்லி படுக்க இடமில்லை என்று கத்திக்கொண்டே குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு வேறு சுவர் பார்த்துப் போனது.

செவ்வந்தியும் வடிவாம்பாளும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆனார்கள். சினேகிதிகள் ஆகவில்லை. ஒருநாள் தோட்டத்தில் வடிவாம்பாள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"எப்பவாவது மன்னிப்பியா?"

"தெரியலை அக்கா. தேனம்மை இன்னும் என்னையே மன்னிக்கலை. கையைப் பிடிக்க வந்தா இழுத்துக்குறா."

இருவரும் மரத்தடியைப் பார்த்தார்கள். தேனம்மை, சிங்காரம், பூமயில், மூவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் முந்தி ஓடுவது என்று சண்டை. முகத்து மை எந்த எண்ணெய்க்கும் போகவில்லை. அதைப் பற்றி அவர்களுக்குக் கவலையும் இல்லை. பூமயில் தள்ளிவிட, தேனம்மை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். வாய் கோணியது. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரிடம் போவது என்று ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் நொண்டிக்கொண்டே வந்து, பேசாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே, அந்த முழங்காலைச் செவ்வந்தியின் மடியில் வைத்தாள்.

செவ்வந்தி மெல்ல ஊதினாள்.

கதை சொன்ன வாய்க்கு ஒரு வாய் தண்ணீர். கேட்ட பிள்ளைகளுக்குக் குறையாத ஆயுசு. கடிதம் வந்து பிரிக்காமல் வைத்திருப்பவர்கள், எழுந்து போய்ப் பிரியுங்கள்.